இடக்கைக்குத் தெரிந்த சுக்கான்

எனக்கு எழுபத்தைந்து வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஏழு பேரும் இப்போது தங்கள் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். நான் நெடுந்தீவில் என் வீட்டில் இருக்கிறேன். என்னிடம் பதினொரு மாடுகள் உண்டு. அவை வீட்டில் நிற்பதில்லை. மேற்குக் கரைப் பக்கம் என் காணியில் பட்டி இருக்கிறது. வீட்டிலிருந்து மூன்று கட்டை. மூன்று மைல் என்றும் சொல்லலாம், நடக்கிற காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த மூன்று கட்டையையும் நாற்பது வருடத்துக்கு மேல் நடந்தேன். போன மாரியில் இடது முழங்கால் வீங்கியது. சவ்வு தேய்ந்துவிட்டது, இனித் தூரம் நடக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னார். அதை யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகள் கேட்டாள். அவள் கனடாவில் இருக்கும் மூத்தவனுக்குச் சொன்னாள். அவன் அங்கேயிருந்து எனக்குத் திருப்பிச் சொன்னான், எனக்குத் தெரியாத மாதிரி.

"ஆடியில வாறன் அம்மா. மாட்டை வித்துப்போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் தங்கச்சி வீட்டை போவம். நானே கூட்டிக்கொண்டு போய் விடுறன்."

"மாட்டை ஆர் பாக்கிறது?"

"வாங்கினவன் பாப்பான்."

"நீ வரேக்க, நான் தனியப் பட்டிக்குப் போய்த் தனியத் திரும்பி வந்து காட்டினா?"

"உந்தக் காலோடயோ?"

"காலாலையோ சில்லாலையோ, அது என்ர பாடு."

அவன் சிரித்தான். "சரி, போய் வந்து காட்டுங்கோ. அதுக்குப் பிறகு யாழ்ப்பாணம் எண்டு நான் வாய் திறக்கமாட்டன்."

அவன் விளையாட்டாகச் சொன்னான். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை.

பட்டிக்குப் போகும் பாதையைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முதலில் இரண்டு பக்கமும் கடலின் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலி உள்ள ஒடுங்கிய ஒழுங்கை. அது முடிந்தால் நிலத்திலிருந்து பல்லு மாதிரி எழும்பி நிற்கும் கல். அதற்குப் பிறகு மணல். அந்த மணலில் சைக்கிள் சில்லு கால்வாசி புதையும். பஸ் போகும் தெரு வேறு திசையில் போகிறது. ஓட்டோ கல்லில் கவிழ்ந்துவிடும், முன்னுக்கு ஒரு சில்லுத்தானே. ஒருநாள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போகப் பார்த்தேன். பாதி வழிக்குள்ளேயே ஓட்டினவன் மூன்று இடத்தில் இறங்கி நடக்கச் சொன்னான், திரும்பிவிட்டேன். நடக்கிறதென்றால் பிறகு எனக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு?

என் தம்பி வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவன். அவனுக்கும் அறுபத்தாறு ஆகிறது. அவனிடம் போய்ச் சொன்னேன். அவன் தன் போனில் ஒரு வாகனத்தைக் காட்டினான். கூரை இல்லை, கதவு இல்லை. குழாய்களை வளைத்து ஒட்டிய எலும்புக்கூடு. நாலு பெரிய சில்லு. ஒரு பாலைவனத்தில் தூசி கிளப்பிக்கொண்டு ஓடியது.

"உதுக்கு என்ன பேர்?"

"பக்கி எண்டு சொல்லுவினம் அக்கா."

"முந்தி வெள்ளைக்காரன் குதிரை பூட்டி ஓடின பக்கியோ?"

"இது குதிரை இல்லாத பக்கி. வீட்டிலயே செய்யினமாம்."

"அப்ப எங்கட வீட்டில என்ன குறை?"

அவன் வீட்டு வளவில் ஒரு ஓட்டோ கிடந்தது. ஒரு குடும்பம் எஞ்சின் பார்க்க விட்டுப் போனது, எடுக்க வரவில்லை. பிறகு தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உப்புக்காற்று அதன் மேலுடம்பைத் தின்றிருந்தது. கைவைத்தால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஆனால் பின்பக்கத்து எஞ்சினும் கியர்ப்பெட்டியும் இரண்டு சில்லும் நல்லாய் இருந்தன. முன்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, பின்பக்கத்தை வைத்துக்கொண்டு, இடையில் குழாயால் உடம்பு செய்வது என்று முடிவெடுத்தோம். மாசி மாதம் தொடங்கினோம்.

இரும்பு ஒட்டும் வேலைக்கு ஒருவரைப் பிடித்தோம். காரைநகரில் பிறந்து இந்தத் தீவில் பெண் எடுத்தவர். வந்து இருபது வருடம் ஆகியும் எல்லோரும் அவரைக் காரைநகரார் என்றுதான் கூப்பிடுகிறோம். கைத்திறமான மனிதர். ஆனால் கடல் அவருக்கு ஆகாது. குறிகட்டுவான் துறைக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினால் இறங்கும்வரை கண்ணைத் திறக்கமாட்டார்.

அளவை நாடாவால் எடுக்கவில்லை, என் உடம்பால் எடுத்தோம். நான் ஒரு கதிரையில் இருந்தேன். முழங்கால் நோகாமல் எவ்வளவு உயரத்தில் இருக்க முடிகிறது என்று தம்பி கதிரைக்குக் கீழே கல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். நோகாத உயரத்தில் இருக்கையை வைத்தான், பக்கத்தில் இன்னொருவர் இருக்க ஒரு பலகையும் போட்டான். பிறேக்கை வலக்காலுக்குக் கொடுத்தான். இடக்காலுக்கு ஒரு வேலையும் இல்லை, அது சும்மா நீட்டிக்கொண்டு வரலாம். சீமெந்து நிலத்தில் கரியால் கோடு கீறி, அந்தக் கோட்டின் மேல் குழாயை வைத்து வளைத்தார்கள். கரண்ட் நின்றால் வேலை நிற்கும். நான் தேத்தண்ணி ஊற்றுவேன். கரண்ட் வந்தால் இருவரையும் எழுப்புவேன்.

பக்கத்து வளவு மச்சாள் ஒவ்வொரு நாளும் வேலியால் எட்டிப் பார்ப்பா.

"சைக்கிள் ஓடத் தெரியாத மனிசி கார் செய்யிறா."

"கார் இல்லை மச்சாள், பக்கி."

"நாலு காலையும் அகட்டிக்கொண்டு கிடக்குது. நண்டு மாதிரி."

அன்றிலிருந்து அதற்கு நண்டு என்றே பேராகிவிட்டது. நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

சுக்கான் எப்படி வைப்பது என்ற கதை வந்தது. கார் மாதிரி வட்டமாக வைக்கக் காரைநகரார் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். எனக்கு ஒரு சுக்கான்தான் தெரியும். என் அவர் இந்தத் தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் சாமான் ஏற்றும் வள்ளம் வைத்திருந்தார். கடைசி ஏழு வருடம் அவருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் முன்னுக்கு இருந்து கடலின் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல, நான் பின்னுக்கு இருந்து எஞ்சினின் கைத்தடியைப் பிடித்து ஓட்டினேன். ஏழு வருடம் இடக்கையால் பிடித்தது. இந்தத் தீவில் வேறு எந்தப் பொம்பிளையும் அந்த வேலை செய்யவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆகவே முன்பக்கத்தில் நட்ட ஒரு தண்டிலிருந்து நீளமான குழாயை என் இடக்கை வரைக்கும் கொண்டுவந்தோம். நுனியில் முறுக்கினால் வேகம் கூடும், வள்ளத்தில் மாதிரியே. தண்டை முன் சில்லுகளோடு தொடுப்பதைத் தம்பி தன் கையால் செய்தான். கியரும் கிளச்சும் வலக்கைக்கு. பழைய மோட்டார் சைக்கிள் சில்லு இரண்டு முன்னுக்கு.

ஆனி மாதத்தில் ஓடியது. தம்பி ஏறி வெளியில் ஒரு சுற்று ஓட்டினான். பிறகு நான் ஏறினேன். ரயரில் காற்றைக் குறைத்துவிட்டிருந்தோம், மணலில் அது புதையாமல் மிதந்துகொண்டு போனது. பனங்கூடலைச் சுற்றி வந்தேன். திருப்பின இடத்தில் திரும்பியது, நிற்பாட்டின இடத்தில் நின்றது. மச்சாள் வேலியில் நின்று பார்த்தா.

பிறகு காரைநகரார் ஏறினார். தான் செய்த வாகனத்தைத் தானும் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? நேராகப் போனார். ஒழுங்கை வளைகிற இடத்தில் வேலிக்குள்ளே போய்ச் சொருகினார். நாலைந்து கல் அவர் மடியில் விழுந்தது. ஓடிப் போனோம். அவருக்கு ஒன்றும் இல்லை, கோபம்தான்.

"ஆர் உதை மாறிப் பூட்டினது?"

"மாறியோ? எங்க மாறி?" என்றான் தம்பி.

"வலப்பக்கம் தள்ளினா இடப்பக்கம் போகுது."

"அது அப்பிடித்தானே போகவேணும்."

"எந்த ஊரில அப்பிடிப் போகுது?"

"கடலில."

காரைநகரார் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். "கடலில ஓடுறதெண்டா நான் ஏன் சில்லு ஒட்டினனான்?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. வள்ளத்தில் கைத்தடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். தம்பிக்கும் எனக்கும் அதுதான் இயற்கை. தடியைக் கையில் பிடித்தவுடன் கை கடலுக்குப் போய்விட்டது. தம்பி ஒவ்வொரு நாளும் சைக்கிள் ஓடுகிறவன், அவனுக்குக்கூடத் தெரியவில்லை. பூட்டும்போதும் அப்படியே பூட்டினான், ஓட்டும்போதும் அப்படியே ஓட்டினான்.

"அரை நாள் வேலை, மாத்தித் தாறன்" என்றார் காரைநகரார்.

"வேண்டாம். ஓடப்போறது நான். என்ர கைக்கு இது சரி."

"அக்கா, நாளைக்கு வேற ஒராள் ஏறினா?"

"ஏன் ஏறவேணும்?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, என்னைத் தவிர எவருக்கும் அடங்காத வாகனம். அடுத்த கிழமையே பட்டிக்குப் போனேன். அதுவரை மச்சாளின் மகள் பராமரித்த என் மாடுகளை ஏழு மாதத்துக்குப் பிறகு பார்த்தேன். அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் போய் வந்தேன்.

ஆடியில் மகன் வந்தான். முற்றத்தில் நண்டைப் பார்த்துவிட்டுப் பையைக்கூட இறக்கவில்லை, அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அடுத்தநாள் காலை அவனை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுப் போனேன். பட்டி பார்த்து, கன்றுக்கு மருந்து போட்டு, பால் கானை இருக்கைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, வெயில் ஏறமுதல் திரும்பி வந்தேன். அவன் அதே வாசலில் நின்றான். பால் கானைக் கையில் கொடுத்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"நானும் ஒருக்கா ஓடிப் பாக்கிறன் அம்மா."

சொல்லித்தான் விட்டேன், தடியை மாறித் தள்ள வேண்டும் என்று. ஓம் ஓம் என்றான். கனடாவில் பெரிய லொறி ஓட்டுகிறவன். ஒழுங்கை வளைவில் நேரே வேலியோரக் கள்ளிப் பற்றைக்குள் போனான். முழங்கை எல்லாம் முள்.

மத்தியானம் சோறு போட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"என்ன?"

"ஒண்டுமில்லை. வாய் திறக்கமாட்டன் எண்டு சொன்னனான்."

"இப்ப நான் சொல்லுறன், திற."

"நீங்கள் போய் வாறியள், அது சரி. நல்லாப் போறியள். ஆனா ஒருநாள் அங்க பட்டியில உங்களுக்குத் தலை சுத்தி விழுந்தா? ஆரும் கண்டு ஓடி வந்தா? வாகனம் பக்கத்தில நிக்கும். ஆனா உங்களை ஏத்திக்கொண்டு வர அவைக்கு ஏலாது. ஏத்தினா ரெண்டு பேரும் வேலிக்குள்ள. பிறகு ஏன் அம்மா வாகனம்?"

கோப்பையைக் கழுவினேன். பிறகு மாட்டுக்குத் தவிடு சலித்தேன். அவனோடு கோபிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. என் அவருக்குக் கண் மங்கினபோது நான் போய்ப் பிடிக்க, அந்த வள்ளம் எனக்கு அடங்கியது. அவருக்கு மட்டும் அடங்குகிற வள்ளமாக அதை வைத்திருந்தால் ஏழு வருடமும் அது கரையில் கிடந்து பிளந்திருக்கும். எனக்கு மட்டும் என்று நான் பெருமைப்பட்டது, என் காலில் நானே கட்டிய கயிறு.

பின்னேரம் காரைநகராரைக் கூப்பிட்டேன்.

"மாத்தும்."

"அண்டைக்கே சொன்னனான் அக்கா."

"சொன்னனீர்தான். இப்ப நான் சொல்லுறன். மாத்தும்."

தண்டின் அடியில் முன்னுக்குப் பார்த்து நின்ற இரும்புத் துண்டை வெட்டி, பின்னுக்குப் பார்க்க ஒட்டினார். அவ்வளவுதான் வேலை. இனி வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகும், ஊர் உலகத்தில் மாதிரி.

வாகனம் அரை நாளில் மாறிவிட்டது. நான் மாறவில்லை. அடுத்தநாள் காலை ஏறினேன், முற்றத்தைவிட்டு இறங்கமுதல் கோழிக்கூட்டில் மோதினேன். இரண்டாம் நாள் மச்சாளின் வேலி. மூன்றாம் நாள் மச்சாளின் அதே வேலி, அதே இடம்.

"நான் அந்தக் கல்லை எடுத்து அடுக்காமலே விடுறன்" என்றா மச்சாள். "நாளைக்கும் வருவியள்தானே."

மெல்லப் போகும்போது சரி. யோசித்துத் தள்ளுவேன். ஒரு கல் தடுக்கினால், ஒரு ஆடு குறுக்கே வந்தால், யோசிக்க நேரம் இல்லை, இடக்கை தன் பாட்டுக்குக் கடலுக்குப் போய்விடும். மகன் திரும்பிப் போக இன்னும் பதினொரு நாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குச் சுட்டது. நான் பழகாவிட்டால் மாடு விலைப்படும், வீடு பூட்டப்படும். அவன் வாக்குத் தவறமாட்டான். ஆனால் மோதுகிற வாகனத்தில் நான் பட்டிக்குப் போகமுடியாது. பிறகு நானாகத்தான் யாழ்ப்பாணம் போக வேண்டி வரும்.

நாலாம் நாள் நண்டில் ஏறி இருந்துகொண்டு எஞ்சினைத் தொடாமல் கையைப் பார்த்தேன். தடியை இடப்பக்கம், வலப்பக்கம் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இந்தக் கைக்கு நான் என்ன சொன்னாலும் ஏறாது. அதற்கு ஏற்கெனவே தெரியும். அது படித்ததை அழிக்க எழுபத்தைந்து வயதில் எனக்கு நேரம் இல்லை. அப்போதுதான் வலக்கையைப் பார்த்தேன். அது ஒருநாளும் சுக்கான் பிடிக்காத கை. அதற்கு ஒன்றும் தெரியாது.

தம்பியைக் கூப்பிட்டேன்.

"தடியை வலப்பக்கம் கொண்டு வா. கியரை இடப்பக்கம் போடு."

"ஏன் அக்கா?"

"இடக்கை படிச்ச கை. அதோட கதைச்சு வெல்ல ஏலாது. மற்றதுக்குச் சொல்லிக் குடுக்கிறன்."

தம்பி சிரித்துக்கொண்டு குழாயை வெட்டினான். வளைத்து ஒட்ட இரண்டு நாள் போனது.

வலக்கை முதலாம் நாள் தடியை இறுக்கிப் பிடித்தது. பிடித்த பிடியில் விரல் நொந்தது. ஆனால் ஒருநாளும் மாறிப் போகவில்லை. வலப்பக்கம் போ என்றால் போனது. அதற்கு வேறு வழி தெரியாதே. காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறினால் வெயில் ஏறும்வரை ஓட்டினேன். ஒழுங்கை வளைவில் வேண்டுமென்றே வேகமாகப் போய்த் திருப்பினேன். மகனை வரிசையாகப் பெற்றோல் கான் வைக்கச் சொல்லி அதற்குள்ளே புகுந்து வந்தேன். தட்டின கானை மறுபடி நிமிர்த்தி வைத்து மறுபடி போனேன். மூன்றாம் நாள் கல்லுப் பாதைக்குப் போனேன். நாலாம் நாள் ஒரு ஆட்டுக்குட்டி வேலிக்கு மேலால் பாய்ந்து முன்னுக்கு விழுந்தது. கை தானாகத் திருப்பியது. சரியான பக்கம். அப்படியே நிற்பாட்டி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக் குட்டியைத் தூக்கி வேலிக்கு அங்கால் விட்டேன்.

மகன் போக முதல்நாள் நான் அவனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பட்டிக்குப் போனேன். மூன்று கட்டையும் நான் ஓட்டினேன். மாடுகளைக் காட்டினேன். பிறகு நான் அவன் இருந்த பக்கத்தில் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடினேன்.

"என்ன அம்மா செய்யுது?"

"எனக்குத் தலை சுத்தி விழுந்திட்டன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"அம்மா, பகிடி விடாதேங்கோ."

"மயங்கின மனிசியோட கதைக்காதை. ஓடு."

ஓட்டினான். கண்ணைத் திறக்காமல்தான் இருந்தேன். மணல் வந்தது தெரிந்தது, கல் வந்தது தெரிந்தது. ஒழுங்கை வளைவு வரும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். தன் பாட்டுக்குத் திருப்பினான், யோசிக்கக்கூட இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாட்டினான். காவலுக்கு நின்றவர் ஓடி வந்தார்.

"ஆச்சிக்கு என்ன வருத்தம்?"

"ஒரு வருத்தமும் இல்லை" என்றேன் எழும்பி. "எவ்வளவு நேரம் பிடிக்குது எண்டு பாக்க வந்தனாங்கள்."

மகன் தலையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிய, அவன் கண் நனைந்திருந்தது.

அடுத்த மாதமே தம்பிக்கும் காரைநகராருக்கும் மச்சாளின் மகளுக்கும் ஓட்டப் பழக்கிவிடுவதாகச் சொன்னேன். மச்சாள் தானும் பழகப்போவதாகச் சொன்னா. வேலி உடைந்த இடத்துக்கு அது ஈடாம்.

லோஞ்ச் ஏறும்போது மகன் சொன்னான், "அம்மா, அடுத்தமுறை வரேக்க முன்னுக்குப் போட நல்ல ரயர் ரெண்டு கொண்டு வாறன். மோட்டார் சைக்கிள் ரயர் மணலுக்குக் காணாது." யாழ்ப்பாணம் என்று வாய் திறக்கவில்லை. ரயரைப் பற்றிக் கதைத்தான். எனக்கு அது போதும். லோஞ்ச் முனை தாண்டும்வரை நின்றுவிட்டு, நண்டில் ஏறிப் பட்டிக்குப் போனேன். பால் கறக்க நேரமாகிவிட்டது.

ஊரில் வேறு மாதிரிக் கதை ஓடுகிறது. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பின வாகனமாம். சுக்கான் காரைநகரார் கண்டுபிடித்ததாம். அதனால்தான் இதை எழுதுவிக்கிறேன். எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அதற்கு மேல் எழுதினால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் மகளின் பிள்ளை, விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இடையில் தன் பாட்டுக்கு ஏதும் சேர்த்தாளோ தெரியாது.

பிள்ளை, பேனையைக் கீழ வை. இப்ப முதலில இருந்து வாசி, நான் கேக்கிறன். ஆறுதலா வாசி.